தலைப்பு மாற்றும் வேலை

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழை நிற்பதில்லை; கொஞ்சம் இளைப்பாறும், அவ்வளவுதான்.
பள்ளிக்கூட நடைபாதையில்
ஈரக் கம்பளி வாசனை, விறகுப் புகை வாசனை.
எனக்கு அங்கே நான்கு மாத வேலை:
கட்டுரைக் குறிப்புகளின் தலையை வெட்டி
வேறு தலை ஒட்டுவது.

எஸ்தர் ஒயார்சோ டீச்சர் எழுதியதன் மேல்
'கணினி' என்று போடுவேன்.
கணினி எழுதியதன் மேல்
'எஸ்தர் ஒயார்சோ' என்று போடுவேன்.
யார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று
பல்கலைக்கழகத்துக்குத் தெரிய வேண்டுமாம்.
டீச்சர் கையெழுத்திட்டுச் சம்மதித்தார்.
பிள்ளைகளிடம் பாதிதான் சொல்லியிருந்தோம்.

கணினி தங்கமான பிள்ளை.
எதைக் கொடுத்தாலும் முதலில் மெச்சும்,
பிறகு மூன்று யோசனை, கடைசியில் மறுபடி மெச்சும்.
அப்படியொரு மெச்சலை
டீச்சர் பேரில் வாங்கிய நவெல் வெனுமான்
படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.
"ரெண்டு வருஷத்தில் முதல் தடவை" என்றான்.
நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரின் கை வேறு.
"இந்தப் பத்தி தூங்குகிறது. எழுப்பு."
அதோடு சரி.
கணினி பேரில் அது போனபோது
பாஸ்தியான் சிரித்தான்.
"மழையில் நனையாததுக்கு என்ன தெரியும்!"
மூடிவைத்துவிட்டுப் பந்தாடப் போனான்.
போன வருஷம் இதே வரிக்குக்
கதவை அறைந்துவிட்டு வெளியேறியவன்.

யஸ்னா பாரியா என்றொருத்தி.
டீச்சர் பக்கத்தில் வந்தாலே
உள்ளங்கையால் தாளை மூடிக்கொள்வாள்.
கணினி சொன்னதாக நினைத்து
அன்றிரவு பதினோரு தடவை திருத்தியிருந்தாள்.
12.40. 1.05. 1.10. 1.52.
முகமே இல்லாத ஒன்றின் முன்னே
தப்புத்தப்பாய் எழுதிப் பார்க்க
அவளுக்குக் கூச்சமில்லை.
என் அட்டவணையில் அது நல்ல எண்.
மேலதிகாரி அடிக்கோடிட்டார்.

அவள் எழுதியது அப்பாவைப் பற்றி.
மட்டி எடுக்கக் கடலில் மூழ்குகிறவர்.
எத்தனை ஆழம், உடை எத்தனை கிலோ,
கிலோ மட்டிக்கு எத்தனை பெசோ,
எல்லாம் இருந்தது.
டீச்சர் ஓரத்தில் எழுதியிருந்தார்:
"காது எங்கே? என் அண்ணனுக்கு
நாற்பது வயதில் ஒன்று போனது, மற்றது பாதி.
உன் அப்பா வீட்டில் எவ்வளவு சத்தமாகப் பேசுவார்?"

விதிப்படி அந்த அண்ணனை நான் நீக்கியிருக்க வேண்டும்.
ஆள் வாடை அடிக்கும் எதையும் துடைத்துவிடு என்று
ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.
மறந்துவிட்டேன் என்று பிறகு எழுதிக் கொடுத்தேன்.
மறக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தாள், நேரே என்னிடம்.
முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
"ஒன்று கேட்கணும்.
இதுக்கு அண்ணன் உண்டா?"

என்னிடம் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது:
சந்தேகம், ஆம் அல்லது இல்லை.
பேனாவைத் திறந்தேன்.
அவள் போகவில்லை.
"அப்பா பேசுவது தெருமுனைக்குக் கேட்கும்.
வீட்டில் அடிதடி என்று நினைத்து
புதிதாய்க் குடிவந்தவர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள்.
ராத்திரி இதையெல்லாம் அதில் எழுதிவிட்டேன்.
யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் எழுதினேன்."

நான் வாயைத் திறப்பதற்குள்
நடைபாதைக் கோடியில் ஒரு குரல் வெடித்தது:
"விறகு வந்தாச்சு! வி-ற-கு!
இல்லை, ஈரமில்லை! ஈரமில்லை என்கிறேன்!"

ஒயார்சோ டீச்சர்.
போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு,
கழுத்து நரம்பு புடைக்க.
வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்காத அதே தொண்டை.

யஸ்னா அந்தப் பக்கம் திரும்பினாள்.
முகம் சிவந்தது; கோபமா, வேறெதுவுமா,
பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது காதுமடல் மட்டும்.
தாளை மூடப் போன கை
பாதி வழியில்
அப்படியே நின்றது.